நான்காம் வருட ஆனர்ஸா, எம்.எஸ்சி.யா? கொல்லிமலையில் கேட்ட கேள்வி

காரவள்ளியைத் தாண்டியதும் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகும் காப்பியும் வாங்கி விற்கும் நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் செம்மேட்டில் இருந்து போன் செய்து, "மகள் படிப்பு விஷயமா ஒரு மஷூரா செய்யணும் ஹஜ்ரத், மலைக்கு வந்துட்டுப் போங்க" என்றார். சம்பந்தம் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே ஏறினோம். அப்படி இல்லை.

மூத்த மகள் கீழே அரசுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாம் வருடம் முடிக்கிறார். புதுச்சேரியில் படிக்கும் மாமா மகள் நான்காம் வருடமும் தொடர்ந்து ஆனர்ஸ் வாங்கப் போகிறாராம். அதற்குப் பிறகு நேராகப் பிஎச்.டி. சேரலாமாம். "நான் எம்.எஸ்சி. முடிக்க அஞ்சு வருஷம் ஆகும் ஹஜ்ரத். அவ நாலு வருஷத்துல போயிடுவா. அப்ப நான் ஏமாந்துட்டேனா?" என்று அந்தப் பெண் கேட்டார். அவருடைய அத்தாவின் கணக்கு வேறு. "ஒரு வருஷம் மிச்சம்னா நல்லதுதானே. கல்யாணத்தையும் பார்க்கணும்ல" என்றார். திண்ணையில் இருந்த பெரியவர், "ஆனர்ஸ்னா அந்தக் காலத்துல எம்.ஏ.வுக்குச் சமம். அண்ணாவே ஆனர்ஸ்தானே" என்று தன் பங்குக்குச் சொன்னார்.

மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு வெவ்வேறு பட்டங்களைப் பற்றிப் பேசினார்கள். நம் குடும்பங்களில் இப்போது நடக்கும் குழப்பத்தில் பெரும் பகுதி இதுதான்.

பெரியவர் சொன்னது பழைய சென்னைப் பல்கலைக்கழக ஆனர்ஸ். இன்டர்மீடியட் முடித்தவர்கள் மூன்று வருடம் படித்து வாங்கிய கனமான பட்டம் அது. அறிஞர் அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் படித்ததும் அதைத்தான். அந்த ஏற்பாடு முடிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இப்போது பேசப்படும் ஆனர்ஸ், 2020 தேசியக் கல்விக் கொள்கையின் வழியில் வந்தது. மூன்று வருடம் படித்து 120 கிரெடிட் சேர்த்தால் சாதாரண இளங்கலை. நான்கு வருடம் படித்து 160 சேர்த்தால் ஆனர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் வருடத்தில் ஆய்வையும் சேர்த்துச் செய்யலாம். எத்தனை வருடம் படித்தாலும் இது இளங்கலைதான், எம்.ஏ.வுக்குச் சமமல்ல.

மூன்றாவதாக ஒரு ஆனர்ஸும் அந்த வீட்டிலேயே இருந்தது. பிளஸ் டூ முடித்த இளைய மகளுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஆனர்ஸ் வேளாண்மை மேல் ஆசை. மிளகுக் கொடியையும் பலாவையும் பார்த்து வளர்ந்த பிள்ளை, ஆசையில் தப்பில்லை. அது தொழில்படிப்பு. படிப்பே நான்கு வருடம்தான். அதில் மூன்றா, நான்கா என்ற கேள்வியே கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வுக்கு அந்தப் பட்டம் போதும். மேலே படிக்க விரும்பினால் எம்.எஸ்சி. இரண்டு வருடம். பெயரில் ஆனர்ஸ் இருப்பதால் அந்த இரண்டு வருடம் குறைந்துவிடாது.

மூத்தவரின் கேள்விக்கு வருவோம். 2024-இல் யு.ஜி.சி. வெளியிட்ட முதுகலைப் பாடத்திட்டச் சட்டகத்தின்படி, நான்கு வருட ஆனர்ஸ் முடித்தவருக்கு முதுகலை ஒரு வருடம். மூன்று வருடப் பட்டத்தோடு வருபவருக்கு இரண்டு வருடம். கூட்டிப் பாருங்கள், இரண்டு வழியிலும் ஐந்து வருடம்தான். முதுகலைப் பட்டம் வேண்டும் என்பவருக்கு ஆனர்ஸால் ஒரு நாள்கூட மிச்சமில்லை. மிச்சமாவது முதுகலையே வேண்டாம், நேராக ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்பவருக்கு மட்டும். 2022 பிஎச்.டி. விதிமுறைகள் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் நான்கு வருட இளங்கலையில் 75 சதவீதம் இருக்க வேண்டும். 74 வாங்கினால் அந்த வழி அடைபட்டுவிடும், முதுகலை படித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

இந்த 75-இல் பிற்பட்ட வகுப்பினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ். 2007-இல் வந்த 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு அது செல்லும். மத்திய அரசுப் பல்கலைக்கழகத்திலும் நெட் தேர்விலும் கேட்பது மத்திய ஓ.பி.சி. சான்றிதழ், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று குறிப்பிட்டு அதைத் தனியாக வாங்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதைக் கண்டுபிடித்துக் கலங்கி நின்ற பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணிடம் என்ன ஆக ஆசை என்று கேட்டோம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "காலேஜ்ல டீச்சரா" என்றார். அப்படியென்றால் எம்.எஸ்சி. இல்லாமல் முடியாது. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள் கேட்பது 55 சதவீதத்தோடு முதுகலைப் பட்டம், அதற்கு மேல் நெட் அல்லது ஸ்லெட் அல்லது பிஎச்.டி. தமிழகப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராகப் போவதற்கும் முதுகலையும் பி.எட்.டும் வேண்டும். ஆனர்ஸ் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எதற்கும் விண்ணப்பிக்க முடியாது. 2025 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட வரைவு விதிகள், நான்கு வருடப் பட்டமும் பிஎச்.டி.யும் இருந்தால் போதும் என்ற திசையில் போகின்றன. வரைவை நம்பி ஒரு பெண்ணின் இரண்டு வருடத்தைப் பணயம் வைக்கச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நாம் மதரஸாவில் ஏழு வருடம் ஓதி ஸனது வாங்கியவர்கள். அதன் பிறகு பி.ஏ. சேரப் போன இடத்தில் ஸனதை யாரும் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் எங்கே என்றார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. போய்ச் சேர வேண்டிய இடத்தில் எந்தத் தாளைக் கேட்கிறார்கள் என்பதை முதலில் விசாரிக்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது.

தமிழக அரசுக் கல்லூரிகளில் இன்றும் மூன்று வருட இளங்கலைதான். அதனால் நம் பிள்ளைகள் பின்தங்கிவிட்டார்கள் என்ற பேச்சு அடிபடுகிறது. கர்நாடகா 2021-இல் நான்கு வருடத் திட்டத்துக்குப் போய், 2024-இல் மூன்று வருடத்துக்கே திரும்பிவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013-இல் தொடங்கியதை மறு வருடமே கைவிட்டு, 2022-இல் மறுபடி தொடங்கியது. கேரளா 2024-இல் ஆரம்பித்திருக்கிறது. ஊருக்கு ஊர் இப்படி மாறிக்கொண்டிருக்கும்போது, மூன்று வருடப் பட்டம் வாங்கியவர் ஏமாந்தவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அந்த வழியில் போகிறவர்களுக்கு ஆனர்ஸும் வேண்டாம், முதுகலையும் வேண்டாம். அந்த வருடத்தைத் தேர்வுக்குப் படிப்பதில் செலவிடலாம்.

ஆனர்ஸால் நிஜமாகவே லாபம் அடைகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் 16 வருடக் கல்வி கேட்கின்றன. பன்னிரண்டுடன் மூன்று சேர்த்தால் 15 தான். நான்காம் வருடம் அதைச் சரிக்கட்டுகிறது. இலங்கையில் மூன்று வருடப் பொதுப் பட்டமும் நான்கு வருட ஆனர்ஸும் நெடுங்காலமாகத் தனித்தனிப் படிகள். அங்குள்ள நம் உறவினர்கள் ஆனர்ஸை உயர்வாகப் பேசுவது அதனால்தான். ஆராய்ச்சியில் உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை மத்திய அரசு 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இப்போது மிஞ்சியிருக்கும் பெரிய வாய்ப்பு, நெட் தேர்வில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப்.; மாதம் 37,000 ரூபாய். 75 சதவீதம் உள்ள நான்கு வருட மாணவர்களும் நெட் எழுதலாம் என்று 2024-இல் யு.ஜி.சி. அறிவித்தது. புதுச்சேரிப் பெண் அந்த மதிப்பெண்ணோடு இருந்தால் அவர் போகும் வழி நல்ல வழிதான்.

இந்தக் கணக்கையெல்லாம் பாயிடம் சொன்னபோது, அவர் கவலை ஐந்து வருடமா நான்கு வருடமா என்பதல்ல என்று புரிந்தது. மகளுக்கு வந்துகொண்டிருந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். முதுகலைக்கு விடுதி, பஸ், கட்டணம் எல்லாம் கையிலிருந்துதான். மூன்றாம் வருடம் முடிந்ததும் வீட்டில் கூட்டி வைத்துக்கொள்வது எளிது. "ஒரு வருஷம்னா அனுப்பலாம், ரெண்டு வருஷம்னா யோசிக்கணும்" என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் அதுதான்.

சச்சார் குழு 2006-இல் சொன்னது நமக்கு நினைவுக்கு வந்தது: நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளங்கலை மாணவர் 25 பேரில் ஒருவர் முஸ்லிம், முதுகலையில் 50 பேரில் ஒருவர்தான். இளங்கலையில் இருக்கும் நம் பங்கு முதுகலைக்குப் போகும்போது பாதியாகிவிடுகிறது. இப்படித் திண்ணைகளில்தான் அந்தப் பாதி குறைகிறது என்று பாயிடம் சொன்னோம். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. காப்பி வந்ததும் தணிந்தது.

திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் எம்.எஸ்சி. தாவரவியல் இருப்பதையும், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதையும், எந்த ஊரில் எந்த உறவினர் வீடு இருக்கிறது என்பதையும் வைத்து அஸர் வரை பேசினோம். எம்.எஸ்சி.க்கு அனுப்ப பாய் சம்மதித்தார். தூரம் பற்றி இன்னும் முடிவாகவில்லை. அந்தப் பெண் மறுநாளே வருமானச் சான்றுக்கும் ஓ.பி.சி. சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டதாக இரவில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். இளையவரின் வேளாண் விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்.