முதுகில் முகவரி

டால்பினைப் படம் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: அது துள்ளி அந்தரத்தில் நிற்கும் அந்தக் கணம். ஸ்காட்லாந்தின் மோரே வளைகுடாவில் உள்ள சானன்ரி முனையில் இந்த ஆசை கரையில் நின்றபடியே நிறைவேறலாம். கோவாவிலும் சில்காவிலும் இன்ஜின் படகில் விரட்டிப் பார்த்துப் பழகியவர்கள் நம்புவது கொஞ்சம் கஷ்டம். 1846இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் அருகே, கூழாங்கல் கரையில் காத்திருந்தால் போதும்.

காரணம் சால்மன் மீன். முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே கடல் குறுகலாகிவிடுகிறது. கடல் வற்றி, மீண்டும் நீர் ஏறத் தொடங்கியதும் ஆறுகளை நோக்கிப் போகும் சால்மன்கள் அந்த இடுக்கு வழியாக வருகின்றன. பின்னாலேயே டால்பின்கள், கரையை ஒட்டி. ஆகவே, பழகிய புகைப்படக்காரர்கள் கேமராவைத் துடைப்பதற்கு முன் பார்ப்பது, கடல் ஏறி வற்றும் நேர அட்டவணையை. அப்படியும் எங்கே தலை தூக்கும் என்று தெரியாது. பாதிப் படங்களில் வெறும் தண்ணீர்த் தெறிப்புதான்.

அதே கடலில் கடற்பன்றிகளும் உண்டு. உருவத்தில் சிறியவை, சின்ன முக்கோணத் துடுப்பை ஒரு கணம் காட்டிவிட்டு மறைந்துவிடும். கூச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1990களில் இந்தக் கரையில் ஒதுங்கிய கடற்பன்றிகளின் உடலில் இருந்த பற்குறிகள் டால்பின்களுடையவை என்று தெரியவந்தது. தின்பதற்காகக் கூட அல்ல, தாக்கிக் கொன்றிருந்தன. சிரித்த முகத்தை நம்பியவர்களுக்கு அதிர்ச்சி.

பக்கத்தில் குரோமார்ட்டியில் கள நிலையம் நடத்தும் அபர்தீன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் துள்ளலில் அவ்வளவு அக்கறை கிடையாது. அவர்களுக்கு வேண்டியது முதுகுத் துடுப்பின் பக்கவாட்டுப் படம். அழகில்லாத படம்தான். ஆனால் துடுப்பின் விளிம்பில் உள்ள வெட்டும் வடுவும் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. 1989 முதல் இப்படிச் சேர்த்த படங்களை வைத்துத்தான் யார் யாருடைய குட்டி, எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஸ்பர்டில் என்ற இளம் டால்பின் அந்தக் கணக்கில் ஒன்று. 2016 மே மாதம் சேற்றில் சிக்கி, சுமார் ஒரு நாள் முழுவதும் கிடந்து, வெயிலில் தோல் வெந்துபோனது. (ஸ்காட்லாந்து வெயிலும் சுடும்!) மீட்டுக் கடலில் விட்டாலும் பிழைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. 2019இல் அயர்லாந்தின் கடலோரத்தில் எடுத்த படங்களில் ஒரு டால்பினின் விலாவில் அதே வெந்த வடு இருந்தது.