வெடைக்கோழிக்கு அட்டவணையில் இடமில்லை

புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பற்றிய ஆய்வேடு எதையேனும் எடுத்து முடிவுரையைப் புரட்டுங்கள். விரிவாக்கக் கல்வியோ, ஊரக வளர்ச்சியோ, மகளிரியலோ, துறை எதுவாயினும் ஒரு வாக்கியம் அங்கே காத்திருக்கும்: தீவன மேலாண்மை குறித்து வளர்ப்போரிடையே விழிப்புணர்வு போதவில்லை என்று. வினாநிரலில் 'குஞ்சுத் தீவனத்தின் புரத அளவு தெரியுமா?', 'வளர்பருவத் தீவனம் எந்த வாரத்தில் தொடங்கும்?' எனக் கேட்டு, 'தெரியாது' என்ற விடைகளை எண்ணி, விழுக்காடாக்கி, அறியாமை என்று பெயரிட்டுவிடுகிறோம். நம் கலைச்சொல் அவர்களுக்குத் தெரியவில்லை என்பது மட்டுமே இதில் மெய்ப்பிக்கப்பட்டது. கோழியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று நாம் கேட்கவே இல்லை. ஆகவே அவ்வாக்கியத்தை ஆய்வு முடிவு என்று ஏற்க முடியாது. அது ஒரு பழி.

பழி என்ற சொல்லை எண்ணிப் பார்த்தே எழுதுகிறேன். முதலில் அட்டவணையைப் பார்ப்போம். முட்டைக்கோழித் தீவனம் மூன்று கட்டமாகப் பிரிக்கப்படுகிறது. முதல் எட்டு வாரம் சிக் மேஷ். அதில் புரதம் ஏறத்தாழ 20 விழுக்காடு. அதன்பின் குரோயர் மேஷ்; புரதம் 16 விழுக்காடு அளவுக்கு இறங்கும். இவ்விரண்டிலும் கால்சியம் 1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். முட்டைப் பருவத்துக்கு லேயர் மேஷ். புரதம் 16 முதல் 18 விழுக்காடு, கால்சியமோ 3 விழுக்காட்டைத் தாண்டி ஏறிவிடும். இந்த ஏற்றத்துக்குக் காரணம் எளிய கணக்கு. ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. நாளுக்கு 100 கிராம் தின்னும் கோழிக்குக் குரோயர் மேஷ் தருவது 1 கிராம் மட்டுமே. அதிலும் முழுவதும் உடலில் சேர்வதில்லை. பற்றாக்குறையைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். தோல்முட்டையும் கால் தளர்ச்சியும் அதன் விளைவுகள்.

இந்த அறிவியலோடு எனக்குச் சண்டையில்லை. அதன் மீது ஒட்டப்பட்ட நாட்காட்டியோடுதான் சண்டை. 'பதினாறு முதல் பதினெட்டாம் வாரத்தில் முட்டைத் தீவனத்துக்கு மாறுக' என்று கையேடுகள் சொல்கின்றன. எந்தக் கோழிக்கு? நாமக்கல் பண்ணைகளில் கூண்டுக்குள் நிற்கும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கலப்பினத்துக்கு. அது பதினெட்டு, இருபது வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். புறக்கடையில் மேயும் நாட்டுக்கோழியோ முதல் முட்டைக்கு ஆறு, ஏழு மாதம் எடுத்துக்கொள்ளும். கையேட்டை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் பெண், முட்டைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும் கோழிக்கு மூன்று மடங்குக்கு மேல் கால்சியத்தைத் திணித்துக்கொண்டிருப்பார். வளரும் பறவையின் சிறுநீரகம் அவ்வளவைத் தொடர்ந்து தாங்காது. யூரிக் அமில உப்புகள் படிந்து உள்ளுறுப்புகள் வெளுத்துக் கோழி சாகும். அப்போதும் நாம் என்ன எழுதுவோம்? தீவன மேலாண்மையில் விழிப்புணர்வு போதவில்லை என்றே எழுதுவோம்.

இனி மொழிக்கு வருகிறேன். 'வளர்பருவக் கோழி' என்பது 'குரோயர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நிழல். குஞ்சும் வளர்கிறது, அதற்கு அடுத்த நிலையில் இருப்பதும் வளர்கிறது. எதையும் பிரித்துக் காட்டாத பெயர் இது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு ஒரு சொல் வழங்குகிறது: வெடைக்கோழி. ஊருக்கு ஊர் ஒலிப்பு சற்று மாறும். குஞ்சு நிலையைக் கடந்தது, இன்னும் முட்டையிடாதது என்ற இரண்டு எல்லைகளையும் அச்சொல் தனக்குள் வைத்திருக்கிறது. அந்த நிலை எப்போது முடிகிறது என்பதற்கும் அவர்களிடம் அடையாளங்கள் உண்டு: கொண்டை சிவக்கும், கோழி கேறத் தொடங்கும், மூலை முடுக்குகளில் புகுந்து இடம் பார்க்கும். 'வெடை கேறுது, இன்னும் சில நாளில் முட்டை வைக்கும்' என்று சொல்லும் பெண் வாரங்களை எண்ணுவதில்லை, உடலைப் படிக்கிறார்.

அந்த வாசிப்பு உடலியங்கியலோடும் பொருந்துகிறது. சூலகம் முதிரும்போது சுரக்கும் பாலின இயக்குநீர்களே கொண்டையைச் சிவக்க வைக்கின்றன. முதல் முட்டைக்கு ஏறத்தாழ இரு வாரத்துக்கு முன் எலும்புக் குழிக்குள் கால்சியக் கிடங்கைக் கட்டத் தொடங்குவதும் அவையே. தீவனம் மாற வேண்டிய தருணமும் அதுதான். கொண்டை சிவந்தால் மாற்று என்ற விதி லெகார்னுக்கும் பொருந்தும், நாட்டுக்கோழிக்கும் பொருந்தும், இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பினத்துக்கும் பொருந்தும். வார எண் ஓரினத்துக்கு மட்டுமே பொருந்தும். இவற்றில் எது கூடுதல் துல்லியமான கலைச்சொல் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மரபறிவே போதும் என்று சொல்ல வந்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'அந்தக் காலத்தில் எந்தத் தீவனம் போட்டார்கள்?' என்று கேட்கும் இயற்கை அன்பர்களுக்கும் என்னிடம் விடை உண்டு. குருணையிலும் கேழ்வரகிலும் புரதம் 7, 8 விழுக்காடு அளவே. தவிட்டில் சற்றுக் கூடுதல். 20 விழுக்காடு கேட்கும் குஞ்சுக்கு இவை எட்டா. அக்குறையை அந்தக் காலத்தவர் அறிந்திருந்தனர். பானையில் சாணமும் வைக்கோலும் அடைத்துக் கவிழ்த்துக் கறையான் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொட்டியது அதனால்தான். ஆனால் அது தாய்க்கோழி கூட்டிச் சென்று கிளறிக் காட்டி வளர்த்த எட்டு, பத்துக் குஞ்சுகளுக்கான ஏற்பாடு. இன்று அரசுத் திட்டங்களில் ஊரகப் பெண்கள் பெறுவது பொரிப்பகத்தில் பிறந்து தாயைக் காணாத நான்கு வாரக் குஞ்சுகளை. தமிழ்நாட்டில் அண்மைய ஆண்டுகளில் ஒரு பயனாளிக்கு 40 குஞ்சுகள் என்பது கணக்கு. குஞ்சுத் தீவனம் தேவைப்படும் எட்டு வாரத்தில் சரிபாதி இன்னும் மிச்சமிருக்கும்போது அவை கைமாறுகின்றன. நாற்பது குஞ்சுகளுக்கு ஒரு கறையான் பானை போதாது. அங்கே தேவை புரதமும் அதை வாங்கக் காசும். அதை 'மரபுக்குத் திரும்புவோம்' என்ற முழக்கமும் தராது, 'விழிப்புணர்வு முகாம்' என்ற பதாகையும் தராது.

கோழிகள் சாவது நோயால்தானே, தீவனச் சொல்லில் என்ன இருக்கிறது என்று ஒரு மறுப்பு வரும். நோய்தான் பெருங்கொல்லி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எடுத்துக்காட்டு என் பக்கமே நிற்கிறது. ராணிக்கேட் என்று பாடநூல் சொல்லும் நோய்க்கு மக்கள் வைத்த பெயர் வெள்ளைக்கழிச்சல். கால்நடைப் பராமரிப்புத் துறை அச்சொல்லை ஒதுக்கவில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்தும் தடுப்பூசி முகாமையே 'கோழிக்கழிச்சல் நோய்' என்ற பெயரில் அறிவிக்கிறது. கேட்பவருக்கு அகராதி தேவைப்படுவதில்லை. நோய்க்குத் திறந்த கதவு தீவனத்துக்கு ஏன் மூடிக்கிடக்கிறது?

வட்டார வழக்கு தரப்படுத்தலுக்கு உதவாது என்பது இன்னொரு மறுப்பு. தரம் என்பது ஒரே சொல்லைப் பதிப்பதன்று; ஒரே பொருளை ஐயமின்றிச் சுட்டுவது. வெடை என்று ஓரிடத்திலும் வேறு பெயரால் வேறிடத்திலும் அச்சிட்டு, இரண்டிலும் கொண்டை சிவந்த கோழியின் படத்தைப் போட்டால் தரப்படுத்தல் முடிந்தது.

பெங்களூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கால்நடை ஊட்டச்சத்துக்கும் உடலியங்கியலுக்குமான தேசிய நிறுவனம் ஆடுகோடியில் இருக்கிறது. ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. கிரிராஜாவும் சுவர்ணதாராவும் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவான இனங்கள். எல்லையைத் தாண்டினால் ஓசூரில் கோழியின உற்பத்திக்கென்றே ஒரு கல்லூரி. கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் புழங்கும் இந்த வட்டாரத்தில், கோழியின் பருவச் சொற்களை மூன்று மொழியிலும் திரட்டித் தீவனப் பட்டியலுக்கு எதிரே நிறுத்தும் வேலை மொழியியல் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் பொதுவானது. நாம் ஒலியன்களை எண்ணுகிறோம், அவர்கள் அமினோ அமிலங்களை எண்ணுகிறார்கள். இடையில் மூட்டையைப் பிரிக்கும் பெண்ணிடம் இரு துறைகளும் பேசுவதில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள். முதலாவது, தீவன மூட்டையில் வாங்குபவரின் மொழியில், வார எண்ணுக்கு முன்னதாக உடல் அடையாளம் அச்சாக வேண்டும்: 'குஞ்சுக்கு', 'வெடைக்கு', 'கொண்டை சிவந்த பின்'. புரதமும் கால்சியமும் அதன் கீழே பெரிய எழுத்தில் வரட்டும். இரண்டாவது, மூட்டை வாங்க இயலாதவருக்கான அறிவுரையும் அதே சொற்களில் அமையட்டும்: முட்டைப் பருவம் தொடங்கியதும் நுணுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கலத்தில் வையுங்கள், முட்டையிடும் கோழி தேவைக்கேற்பத் தானே கொத்திக்கொள்ளும், வெடை அவ்வளவாகத் தொடாது. மூன்றாவது நமக்கானது. இனி ஒரு வினாநிரலைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போகும் ஆய்வாளர், 'குரோயர் தீவனம் தெரியுமா?' என்று தொடங்க வேண்டாம். 'உங்கள் வெடை எப்போது கேறத் தொடங்கியது? அப்போது என்ன போட்டீர்கள்?' என்று கேட்கட்டும். அதற்கு வரும் விடையைப் பதிவு செய்த பிறகும் 'விழிப்புணர்வு போதவில்லை' என்று எழுதத் தோன்றினால், யாருடைய விழிப்புணர்வு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.