படகைக் கரையேற்றிய விலை

ஒரே இரவில் லீற்றருக்கு 253 ரூபா. 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவு வரை 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய், விடிந்தபோது 340 ரூபா. பெற்றோலும் டீசலும் அந்த ஆண்டு ஏறிய ஏற்றத்தைப் பார்த்துப் பழகிவிட்டவர்களுக்கு இது இன்னொரு விலைச் செய்தியாகவே தெரிந்திருக்கும். ஆனால் பெற்றோலும் டீசலும் மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என்று படிப்படியாக ஏறின. ஒவ்வொரு ஏற்றத்தோடும் பஸ் கட்டணம் கூடியது, ஓட்டோக் கட்டணம் கூடியது. சுமையின் ஒரு பங்கையாவது அடுத்தவர் தலைக்கு மாற்ற வழியிருந்தது. மண்ணெண்ணெயில் தொழில் செய்கிறவனுக்கு அந்த வழியும் இல்லை. தன் மீனுக்கு விலை சொல்கிறவன் அவனல்ல. ஏலம் கூறுகிறவன் சொல்வதுதான் விலை.

இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கணக்கு எங்களுக்கும் தெரியும். 87 ரூபா என்ற விலை 2021 டிசம்பரில் வைக்கப்பட்டது. அப்போது டொலர் 200 ரூபா, 2022 ஓகஸ்டில் 360 ரூபாவைச் சுற்றி நின்றது. டீசல் 430 ரூபாவாக இருந்தபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவுக்குக் கிடைத்தால் கலப்படம் நடக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. 87 ரூபா மண்ணெண்ணெய் பல மாதங்களாகப் பலகையில் மட்டுமே இருந்தது, போத்தலோடு வரிசையில் நின்றவர்கள் வெறும் போத்தலோடு திரும்பினார்கள் என்பதும் உண்மை. இவ்வளவையும் ஒத்துக்கொள்கிறோம். அதற்காக, எட்டு மாதம் விலையைத் தொடாமல் கிடந்துவிட்டு, அந்த எட்டு மாதத்தையும் ஒரே இரவில், அதுவும் நாட்டிலேயே கையில் மிகக் குறைந்த காசு உள்ளவர்களிடம் அறவிட வேண்டும் என்று எந்தக் கணக்குப் புத்தகம் சொல்கிறது?

குருநகரிலோ பாசையூரிலோ பருத்தித்துறையிலோ வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய ஒரு சின்னப் படகை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் தொழிலுக்கு 20 லீற்றர் என்று குறைத்தே வைப்போம். ஓகஸ்ட் 21 வரை 1,740 ரூபா. மறுநாள் 6,800 ரூபா. இதற்குமேல் எஞ்சின் ஒயில், ஐஸ், அறுந்த வலைக்கு நூல். எங்கள் கரைகளில் எண்ணெய்ச் செலவைக் கழித்த பிறகே பங்கு பிரிப்பார்கள். ஆகவே கூடிய 5,060 ரூபாவும் படகுக்காரனோடு நிற்காது. அவனோடு போகும் இரண்டு மூன்று பேரின் கையிலிருந்தும் அது போகும். மீன் படாத நாளில் பங்கே இல்லை, எண்ணெய்க் கடன் மட்டும் மிச்சம். அப்படி இரண்டு நாள் தொடர்ந்தால் மூன்றாம் நாள் படகு கரையேறிவிடும். பல கரைகளில் அப்போதே ஏறிவிட்டது.

டீசலில் ஓடும் பலநாட் படகுகளும் நொந்துதான் கிடந்தன. ஆனால் அவற்றின் மீன் கப்பலேறுகிறது, அதற்கு டொலரில் காசு வருகிறது, அவற்றின் குரல் கொழும்பில் கேட்கிறது. ஒருநாட் தொழில் செய்கிறவன் பிடிப்பது எங்கள் சந்தைக்கு வருகிற மீன், எங்கள் வீட்டுச் சட்டியில் கொதிக்கிற மீன். பொருளாதாரக் கணக்கேட்டில் அவனுக்கு ஒரு நிரல் இல்லை என்பதாலோ என்னவோ, ஓகஸ்ட் முதலாம் திகதி டீசலில் பத்து ரூபா குறைத்தவர்கள், அதே மாதத்தில் இவனுடைய எண்ணெயை நான்கு மடங்காக்கினார்கள்.

அருகில் தொழில் செய்தால் என்ன, எண்ணெய் மிச்சமாகுமே என்று குளிரூட்டிய அறையிலிருந்து ஒருவர் கேட்கக்கூடும். அருகில் மீன் இல்லை. அக்கரையான இந்தியாவிலிருந்து வந்த இழுவைப் படகுகள் ஆண்டுக்கணக்காக வாரியது போக மிஞ்சியதைத் தேடித்தான் எங்கள் படகுகள் ஓடுகின்றன. களப்புக்குள் வலை போடலாம். எல்லோரும் களப்புக்குள் இறங்கினால் அங்கே ஏற்கனவே தொழில் செய்கிறவர்களின் வயிற்றில் கை வைத்ததாகும். கட்டுமரத்துக்கும் தண்டுக்கும் திரும்பலாம் என்று சொல்வோருக்கு எங்களிடம் பதில் இல்லை. அவர்கள் ஒரு சோளகக் காலத்தில் வந்து தண்டு வலித்துக் காட்டட்டும்.

மயிலிட்டி மக்களை நினைத்துப் பாருங்கள். 1990 இல் யுத்தத்தால் எழுப்பப்பட்டவர்கள். 2017 ஜூலையில் துறைமுகமும் ஒரு துண்டு நிலமும் இராணுவத்தால் விடப்படும்வரை 27 வருடங்கள் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் கிடந்தார்கள். ஏன் வேறெங்கும் காணி வாங்கிக்கொண்டு போய்விடவில்லை? கடலோரம் இருந்தால்தான் தொழில் என்பதால். அந்தக் கரைக்குத் திரும்பி அப்போது ஐந்து வருடமாகியிருந்தது. இராணுவ வேலி செய்ததை 2022 இல் எண்ணெய் விலை செய்யத் தொடங்கியது. வீடு கரையில் இருந்தது, ஆள் யாழ்ப்பாணத்தில் மேசன் வேலைக்குச் சீமெந்து குழைத்தான்.

தீவுகளின் கதை இன்னும் மோசம். நெடுந்தீவிலிருந்து ஒரு கர்ப்பிணி யாழ்ப்பாணம் போக வேண்டுமானால் குறிகட்டுவான்வரை படகு, அங்கிருந்து பஸ். இரண்டும் எண்ணெயில்தான் ஓட வேண்டும். அப்போது தீவில் எரிந்த மின்விளக்கும் டீசல் மின்பிறப்பாக்கியில்தான் எரிந்தது. எண்ணெய் தட்டுப்பட்டால் தீவு நிலத்திலிருந்து இன்னும் சில மைல் விலகிப்போகிறது. இயன்றவர்கள் பண்ணைப் பாலத்துக்கு யாழ்ப்பாணப் பக்கம் வாடகை வீடு பார்த்தார்கள், இயலாதவர்கள் அங்கேயே கிடந்தார்கள். 2022 நடுப்பகுதியில் இந்தியத் துணைத் தூதரகம் நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவுக் கடற்றொழிலாளர் 700 பேருக்கு மேற்பட்டோருக்கு 15,000 லீற்றர் மண்ணெண்ணெய் கொடுத்தது. நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு இருபது லீற்றர் சொச்சம். ஒருநாள் தொழில். சொந்த நாட்டு அரசாங்கம் தர முடியாத ஒருநாள் தொழிலை அயல்நாடு தருமமாகத் தந்தது என்பதில் யாருக்காவது கூச்சம் வந்ததா என்று தேடிப் பார்த்தோம். வந்ததாகத் தெரியவில்லை.

இதே கடலில், 2022 மார்ச் 22 ஆம் திகதி தொடக்கம், மன்னார்ப் பக்கமிருந்தும் யாழ்ப்பாணப் பக்கமிருந்தும் குடும்பங்கள் குழந்தைகளோடு தமிழ்நாட்டின் தனுஷ்கோடித் திட்டுகளுக்குப் போய் இறங்கின. ஓகஸ்டுக்குள் தொகை நூறு பேரைத் தாண்டியிருந்தது. மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். யுத்தம் முடிந்து 13 வருடங்களுக்குப் பிறகு, குண்டு விழாமல், ஷெல் விழாமல், அரிசிக்கும் எண்ணெய்க்கும் விலை கட்டாமல் போனார்கள். இந்த 340 ரூபாவுக்குப் பிறகு அந்தத் தொகை கூடாது என்று யாராவது உத்தரவாதம் தந்தார்களா?

கடலை விட்டுக் கரைக்கு வந்தாலும் இதே எண்ணெய்தான். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற மோட்டர்களில் எத்தனை மண்ணெண்ணெயில் ஓடுகின்றன என்பதைத் தோட்டக்காரனைக் கேட்டால் சொல்வான். மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயன் அறைகளில் ஈர விறகைப் பற்றவைக்கவும், மின்சாரம் இல்லாத இரவில் குப்பி விளக்குக்கும் அதே எண்ணெய். அங்கே 2022 இல் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா, அதற்கே வருடக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. அதில் மூன்றிலொன்று ஒரு லீற்றருக்கே சரியாய்ப்போனது.

இந்த விலை முடிவை எடுத்தவர்கள் யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. பெயர் சொன்னால், அவர் போய்விட்டார், நான் புதிதாக வந்தவன் என்பார்கள். 2022 ஜூலையில் நாற்காலிகள் மாறியது உண்மைதான், ஆனால் கோப்புகள் அதே கைகளில் இருந்தன. 2019 கடைசியில் வரிகளைத் தாராளமாக வெட்டித் திறைசேரியைக் காலி செய்த கைகள் அவை. 2021 இல் ஒரு போகத்துக்குக்கூட அவகாசம் தராமல் இரசாயனப் பசளையைத் தடைசெய்து, வயல் மஞ்சளித்த பிறகு தடையை விலக்கிய கைகள். அதே வருடம் நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்தை மூடியதும் அந்த நிர்வாகம்தான். 2022 இல் மண்ணெண்ணெய் இல்லை என்று கையை விரித்தவர்கள், முந்தைய வருடம் மூடப்பட்டது மண்ணெண்ணெய் பிரியும் ஆலையும்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

2022 ஜூன் 27 இலிருந்து இரண்டு கிழமைக்கு அத்தியாவசிய சேவைக்குத் தவிர எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் தோட்டம் செய்யச் சொன்னார்கள். பசளையைத் தடைசெய்து விவசாயியைத் தோட்டத்திலிருந்து விரட்டியவர்கள், எழுதுவினைஞரைக் கத்தரிக்காய் நடச் சொன்னதைச் சிரிக்காமல் எழுதுவது சிரமம்.

தீவுகளின் டீசலுக்கு மாற்றாக நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றிலும் சூரிய ஒளியிலும் மின்சாரம் தரும் திட்டம் என்னவானது? 2021 ஜனவரியில் சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். இந்தியா முகம் சுளித்தது. டிசம்பரில் சீன நிறுவனம் விலகியது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதினார்கள். யார் கட்டுவது என்று இரண்டு தலைநகரங்கள் இழுபறிப்பட்ட காலம் முழுவதும் தீவில் டீசல் எரிந்தது. ஒப்பந்தம் எழுதிய பிறகும் எரிந்தது.

ஆட்சியாளர்களைவிட மண்ணெண்ணெயைப் பற்றி இந்த மண்ணுக்கு அதிகம் தெரியும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலுக்குள் திரி வைத்துப் படித்துப் பல்கலைக்கழகம் போன தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். அன்று எண்ணெய் வரக்கூடாது என்பதே கொள்கை, அது எதிரியின் ஊர் என்று கொழும்பு நினைத்தது. 2022 இல் அந்தக் கொள்கை இல்லை என்றார்கள். விளைவில் வித்தியாசம் என்ன என்பதைத்தான் எங்களால் கண்டுகொள்ள முடியவில்லை.

மீனவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் வறிய குடும்பங்களுக்கும் நேரடி மானியம் வரும், அமைச்சரவைப் பத்திரம் தயாராகிறது என்று அப்போது சொல்லப்பட்டது. வரட்டும் என்றோம். எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை மாதத்துக்கு என்பதெல்லாம் நிபுணர்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியவை. காசாகவோ எண்ணெயாகவோ, தொழில் செய்கிறவன் கைக்கு அது நேரே போக வேண்டும், சோளகம் ஓய்ந்து வாடை தொடங்குவதற்குள் போக வேண்டும் என்று மட்டும் கேட்டோம்.

பட்டியல் தயாரிக்க நேரமெடுக்கும் என்ற பழைய பல்லவியை மட்டும் பாட வேண்டாம் என்றோம். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று நாட்டிலுள்ள வாகனங்களை எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டைக்குள் கொண்டுவரச் சில கிழமைகளே போதுமாயிருந்தன. ஒவ்வொரு படகுக்கும் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவிலக்கம் இருக்கிறது. எந்தக் கரையில் எத்தனை எஞ்சின், அதில் எத்தனை மண்ணெண்ணெயில் ஓடுகிறது என்பது கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளருக்கு மனப்பாடம். விலையை நான்கு மடங்காக்குவதற்கு முன், எங்கள் கரையில் ஒரு சங்கத்தையாவது அழைத்து யாராவது கேட்டார்களா?