இரண்டு சலீம்கள்

‘மொகலே ஆஸம்’ படத்தைக் குறை கூறினால், இரசனையற்றோர் வரிசையில் நம்மைச் சேர்த்துவிடுகின்றனர் நண்பர்கள். சேர்க்கட்டும்! நௌஷாதின் இசையை நாமும் மறுக்கவில்லை. ஆனால், 1960-இல் கே. ஆசிப் எழுப்பிக் காட்டிய கண்ணாடி மாளிகை நம் கண்ணைக் கூசச் செய்ததே தவிர, நெஞ்சைத் தொடவில்லை. அக்பர் நாமாவிலோ, ஜஹாங்கீரின் தன்வரலாற்றிலோ இடம்பெறாத அனார்கலிக்காகத் தந்தையும் மகனும் படை திரட்டி வசனம் பேசுகின்றனர். அரியணையில் வீற்றிருந்தோரின் ஆடம்பரமே நமது பெருமை என்று இன்னும் எத்தனை காலம் மயங்கிக் கிடப்பது?

நாம் போற்றும் சலீம் இளவரசரல்லர். ஆக்ராவில் காலணித் தொழில் நடத்தும் சலீம் மிர்ஸா. எம்.எஸ். சத்யுவின் ‘கரம் ஹவா’ (1973) காட்டும் எளிய மனிதர். பிரிவினைக்குப் பின் உறவினர் ஒவ்வொருவராய் இரயிலேறுகின்றனர், கடன் மறுக்கப்படுகிறது, குடியிருந்த வீடும் பறிபோகிறது. மணமகளாய் வந்து புகுந்த அவ்வீட்டிலேயே கண்மூட விரும்பும் முதிய தாயைத் தூக்கி வருகின்றனர். அக்காட்சியில் தம் பாட்டியின் முகத்தைக் காணாதார் யார்? பல்ராஜ் சாஹ்னி குரலை உயர்த்தாமலே நம்மை அழவைத்தார்.

இறுதியில் மிர்ஸாவும் புறப்படுகிறார். பாதி வழியில் வண்டியை விட்டிறங்கி, உரிமை கேட்போர் ஊர்வலத்தில் கலந்துவிடுகிறார். மாளிகையை வியப்போர் வியக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவது இந்தச் சலீமைத்தான்.