தொரப்பள்ளி மண் நமக்குச் சொல்லும் பாடம்



"சட்டத்தை மீறச் சொல்றீங்களே, கேஸ் கீஸ்னு வந்தா புள்ளகுட்டிக்காரங்க நாங்க என்ன பண்றது?" என்று ஊர்க் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதே கூட்டத்தில் சில இளவட்டங்கள், "நிலம் அளக்க வர்ற ஜீப்பைக் கொளுத்தினாத்தான் அரசாங்கத்துக்குப் புத்தி வரும்" என்றார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

பதில் தேடி எங்கேயும் போக வேண்டாம். நம்ம ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளிக்குப் போனால் போதும். 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர் அது. 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு அவர் வேதாரண்யத்துக்கு நடந்தார். உப்புச் சட்டத்தை மீறப் போகிறோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டே நடந்தார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! யார் கட்டினார்கள் என்று எந்தப் போலீசும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளிய ராஜாஜியைக் கைது செய்து ஆறு மாதம் ஜெயிலில் போட்டார்கள். அவர் ஓடவுமில்லை, ஒளியவுமில்லை.

சட்ட மறுப்பு என்றால் இதுதான். ஒளிந்து செய்தால் அது திருட்டு. அடித்து நொறுக்கினால் அது கலவரம். நாலு பேர் பார்க்க மீறி, தண்டனை வந்தால் நெஞ்சை நிமிர்த்தி ஏற்றுக்கொள்வதுதான் சட்ட மறுப்பு. தலைவர் ஒருவர் நடந்தால் மட்டும் அது ஜெயிக்காது. மரக்கிளையில் சோறு கட்ட ஊரே இருக்க வேண்டும்.

ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. அதே ராஜாஜி முதன்மந்திரியான பிறகு, 1938-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்தவர்களை அவருடைய அரசாங்கமே ஜெயிலுக்கு அனுப்பியது. நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் பழசு மறந்து போகிறது. அதனால்தான் சொல்கிறோம்: நல்ல ஆள் வருவார் என்று காத்திருந்து பயனில்லை. சட்டம் மாற வேண்டும்!

எந்தச் சட்டம்? 2013-ல் நாடாளுமன்றம் புதிய நிலமெடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. தனியார் கம்பெனிக்கு எடுத்தால் 80 சதம் குடும்பங்களும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமென்றால் 70 சதம் குடும்பங்களும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும் என்றது. யாருக்கு என்ன பாதிப்பு என்று ஊராரிடம் கேட்டு ஆய்வு செய்ய வேண்டும் என்றது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. அதன்படி எடுத்தால் சம்மதமும் கேட்க வேண்டாம், ஆய்வும் வேண்டாம். இழப்பீடு மட்டும் புதுச் சட்டப்படி கிடைக்கும். அதாவது விலை சொல்லுவோம், விற்கிறாயா என்று மட்டும் கேட்க மாட்டோம் என்கிறார்கள்! 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இது செல்லாது என்றது. உடனே சட்டமன்றத்தில் இன்னொரு சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021-ல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த உயிர் கொடுத்த சட்டம் அ.தி.மு.க. ஆட்சியில் வந்தது. தி.மு.க. ஆட்சி வந்ததும் 2023-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. ஏரி, ஓடை உள்ள நிலத்தையும் பெரிய திட்டங்களுக்குச் சேர்த்துக் கொடுக்க அதில் வழி செய்தார்கள். ஆட்சிதான் மாறியது, அளவுச் சங்கிலி மாறவில்லை.

நம் பகுதிக்குத் தொழிற்சாலை புதிதல்ல. 1970-களிலிருந்து சிப்காட்டைப் பார்த்து வருகிறோம். நம்ம பிள்ளைகளும் அங்கே ஷிப்டுக்குப் போகிறார்கள். தொழிலுக்கு நாம் விரோதி அல்ல. ஆனால் தக்காளியும் ரோஜாவும் ராகியும் அவரையும் விளைகிற மண்ணைக் கேட்காமல் எடுப்பதைத்தான் எதிர்க்கிறோம். 2023-ல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள் வெயிலிலும் மழையிலும் காத்திருப்புப் போராட்டம் நடத்தியது இதற்காகத்தான். 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த அன்றே புரோக்கர் நம்ம திண்ணையில் வந்து உட்கார்ந்து விடுகிறான். கிராமசபையைக் கேட்க மட்டும் யாருக்கும் நேரமில்லை!

ஆகவே நோட்டீஸ் வரும் ஒவ்வொரு ஊரிலும் நாம் செய்ய வேண்டியது இதுதான்:

ஒன்று, நோட்டீசைக் கிழித்தெறியாதீர்கள். கெடு தேதிக்குள் ஆட்சேபணை மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். கோர்ட்டில் நாளை பேசுவது அந்தக் காகிதம்தான்.

இரண்டு, சம்மதப் பத்திரத்தில் யாரும் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது. கிராமசபையில் தீர்மானம் போடுங்கள்.

மூன்று, அளக்க வந்தால் ஆணும் பெண்ணுமாக வயலில் போய் உட்காருங்கள். கைது செய்தால் வண்டியில் ஏறுங்கள். சர்வேயர் மீது ஒரு மண்ணாங்கட்டி கூட விழக் கூடாது. அவரும் எங்கோ ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைதான்.

நான்கு, ஜெயிலுக்குப் போனவர் வீட்டில் பால் கறப்பதும், தண்ணீர் கட்டுவதும், அறுவடையும் ஊர்ப் பொறுப்பு. பெரியவர் கேட்ட கேள்விக்கு நம் பதில் இதுதான். கேஸ் வரும், வராது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் எந்தக் குடும்பமும் தனியாக நிற்காது.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1970-ல் ஒரு பைசா மின் கட்டணக் குறைப்புக் கேட்டுப் போராடிய விவசாயிகளில் மூன்று பேர் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு அய்யா காலத்து அந்தப் போராட்டங்கள் வீண் போகவில்லை. இருபது ஆண்டு கழித்து எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. அன்று சுடுவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது என்றால், இன்று எரிகிற ஒரு ஜீப் அந்தச் சாக்கை நாமே கொடுப்பதாகும். கொடுக்கலாமா?

1997-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்! கிராமசபையின் சம்மதம் இல்லாமல் ஒரு சென்ட் நிலம் கூட எடுக்காதே! ஏற்கெனவே எடுத்த நிலத்தில் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று வெள்ளை அறிக்கை வெளியிடு! இதுதான் நம் கோரிக்கை.

தெலுங்கு பேசினாலும், கன்னடம் பேசினாலும், தமிழ் பேசினாலும் நம் எல்லாருக்கும் மண் ஒன்றுதான். அன்று மரக்கிளையில் சோறு கட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் இல்லாமல் வேதாரண்யம் இல்லை. நம் ஊர் மரத்திலும் அந்தச் சோறு தொங்கட்டும்.

ஒன்றுபடுவோம்! மறுத்து நிற்போம்! மண்ணை மீட்போம்!