பாட்டியின் பொழுதுபோக்குக்கு என்ன கூலி?

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



நாம் பூர்த்தி செய்கிற படிவங்களில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். கிரிக்கெட், பாட்டுக் கேட்பதுன்னு எழுதுவோம். 'தாயார் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விடுவோம். பாட்டிக்குக் கட்டமே கிடையாது. உங்க பாட்டி என்ன செய்றாங்கன்னு யாராவது கேட்டா, "சும்மாதான் இருக்காங்க, பொழுது போகாம எதையாவது தைச்சுக்கிட்டு இருப்பாங்க" என்போம். இந்த 'சும்மா'வோடும் 'பொழுது போகாம'வோடும்தான் எனக்குச் சண்டை. சண்டையை நம்ம ஊரில் ஆரம்பிக்காமல் அமெரிக்காவில் ஆரம்பிக்கிறேன். காரணம், அங்கே ஒரு கிராமத்துப் பாட்டிமார்களின் 'பொழுதுபோக்கு'க்கு என்ன விலை, அது யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் கோர்ட் படி ஏறியே பேசப்பட்டிருக்கிறது.

அமெரிக்கா என்றதும் நமக்கு வானளாவிய கட்டிடமும் கம்ப்யூட்டரும்தான் ஞாபகத்துக்கு வரும். தெற்கே அலபாமா மாநிலத்தில் நம்ம கரிசல் காடு மாதிரியே கருப்பு மண் உள்ள ஒரு பட்டை இருக்கிறது. மண்ணின் நிறத்தை வைத்தே அதற்குப் பெயர். கருப்பு மண் இருந்தால் பருத்தி இருக்கும், அந்த நாளில் பருத்தி இருந்த இடத்தில் அடிமைகளும் இருந்தார்கள். அங்கே வில்காக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு குதிரை லாடம் போல வளைந்து ஒரு ஊரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. ஊர்ப் பெயர் ஜீஸ் பெண்ட். 1816இல் ஜீ என்ற வெள்ளைக்காரர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845இல் அது பெட்வே என்ற உறவினர் கைக்குப் போனது. அவர் வட கரோலினாவிலிருந்து சுமார் நூறு அடிமைகளை அலபாமா வரைக்கும் நடத்தியே கூட்டி வந்தார். இன்றைக்கும் அந்த ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வேதான். முதலாளியின் பெயர் அடிமையின் பெயரானது, அடிமைத்தனம் போன பிறகும் பெயர் போகவில்லை.

இந்த ஊர்ப் பாட்டிகள் என்ன செய்தார்கள்? பழைய துணிகளை வெட்டி, ஒட்டுப் போட்டு, கனமான போர்வை தைத்தார்கள். அங்கே அதற்குக் 'குயில்ட்' என்று பெயர். நம்ம வீட்டுப் பாட்டி நைந்துபோன சேலைகளை நாலாய் மடித்து, ஓரம் அடித்து, பிள்ளைக்கு விரிப்பு தைத்துத் தருவார்களே, ஏறக்குறைய அந்த ஜாதிதான். ஆனால் அங்கே குளிர் உண்டு. வீடு என்பது மரக்கட்டைகளை அடுக்கிய குடிசை, இடுக்கு வழியாகக் காற்று விசில் அடிக்கும். சுவரில் பழைய செய்தித்தாளை ஒட்டி இடுக்கை அடைப்பார்களாம். பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். ஒரு போர்வை பத்தாது. ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கிப் போர்த்தினால்தான் விடியும்.

வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். நம்ம மாதிரி டிப்ளமோ படிப்பவர்களுக்கு இது பிடிக்கும். மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித் துணி என்று மூன்று அடுக்கு. மேல் துணியைத் தனி ஆளாக உட்கார்ந்து, துண்டு துண்டாய் இணைத்துத் தைக்க வேண்டும். நடுவில் வைக்கும் பஞ்சு பெரும்பாலும் ஜின்னிங் ஆலையில் மிஞ்சிய கழிவுப் பஞ்சு. அதைக் குச்சியால் அடித்து அடித்து உதிர்ப்பார்கள். அடித் துணி மாவு மூட்டை, உர மூட்டைச் சாக்கு. பிறகு மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே மூன்று அடுக்கும் சேரும்படி ஓட்டுத் தையல் போடுவார்கள். இந்தத் தையல் வெறும் அழகுக்கு இல்லை. அது இல்லாவிட்டால் நடுப்பஞ்சு ஒரு மூலையில் போய்க் கட்டி தட்டிவிடும். சின்னப் பெண்கள் சட்டத்துக்கு அடியில் உட்கார்ந்து ஊசி மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாட்டிகளுக்குக் கண் மங்கிவிட்டதால் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது பேத்திகள் வேலை. அங்கே பாடத்திட்டமும் அதுதான், பிராக்டிகலும் அதுதான்!

அந்த மேல் துணியின் வடிவத்தைப் பாருங்கள். 'ஹவுஸ்டாப்' என்று ஒரு மாதிரி, அதாவது வீட்டுக்கூரை. நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றி ஒரு பட்டை, அதைச் சுற்றி இன்னொரு பட்டை என்று சதுரத்துக்குள் சதுரமாக விரியும். கூரையை நேர் மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். நாம் டிராயிங் ஹாலில் 'பிளான் வியூ' என்று மாரடிக்கிறோமே, அதேதான். டி-ஸ்கொயர் இல்லை, செட்-ஸ்கொயர் இல்லை, கட்டம் போட்ட தாள் இல்லை. கையில் இருக்கும் துண்டின் நீளமே அளவு. துண்டு பத்தாவிட்டால் வேறு நிறத்தை ஒட்டுவார்கள், கோடு கோணும். அந்தக் கோணல்தான் பிற்பாடு மியூசியங்களைக் கிறங்க வைத்தது.

துணி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வயலுக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டைகள். முழங்கால் வெளுத்திருக்கும். பாக்கெட் இருந்த இடம் மட்டும், தைத்ததைப் பிரித்ததும், புது நீலமாய்ப் பளிச்சென்று நிற்கும். மிசௌரி பெட்வே என்ற பெண்மணி 1942இல் தைத்த போர்வை ஒன்று இன்று உலகப் பிரசித்தம். கணவர் இறந்துவிட்டார். அவர் வேலைக்குப் போட்ட துணிகளையெல்லாம் எடுத்து, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ளலாம் என்று மகளைக் கூட வைத்துக்கொண்டு வெட்டித் தைத்தார். சொன்னவர் மகள் ஆர்லோன்ஸியா, அவரும் பிறகு பெயர் பெற்ற கைக்காரி. இதைப் 'பொழுதுபோக்கு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. லொரெட்டா பெட்வே என்ற இன்னொருவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார், தனக்குத் தைப்பதில் ஆசையே இல்லை, பிள்ளைகள் குளிரில் கிடக்கக் கூடாது என்றுதான் தைத்தேன் என்று. அப்படி வேண்டாவெறுப்பாகத் தைத்த கைக்குத்தான் 2015இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. லூசி மிங்கோ, மேரி லீ பெண்டால்ஃப் இருவருக்கும் கூடவே.

மற்ற நேரம் பாட்டி என்ன செய்வார்? 'சும்மா'தான்! விடியுமுன் விறகடுப்பு, சோள மாவு ரொட்டி. பிறகு பருத்திக்காட்டில் களை. தோட்டத்தில் சர்க்கரைவள்ளி, கீரை, வெண்டை, காராமணி. ஆம், வெண்டைக்காயும் காராமணியும்! அடிமைக் கப்பல் போக்குவரத்தோடு ஆப்பிரிக்காவிலிருந்து போய் அங்கே வேர் பிடித்தவை. விளைந்ததைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடிக் குளிர்காலத்துக்கு எடுத்து வைப்பது, ஞாயிற்றுக்கிழமை சர்ச், பேரப்பிள்ளைகளின் சளி காய்ச்சல். அறுவடை முடிந்து, இருட்டிய பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் ஊசி. நைந்து இனி உதவாது என்றான போர்வையைக் கொளுத்தி, அந்தப் புகையில் கொசு விரட்டுவார்களாம். எத்தனை மியூசியம் அப்படிப் புகைந்து போனதோ!

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெண்களின் கதையில் நமக்கு, குறிப்பாக சிவில் படிக்கிறவர்களுக்கு, உறைக்க வேண்டிய சில சமாச்சாரங்கள் உண்டு.

1932இல் கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும், பாக்கிக்காக ஊரையே வாரிக்கொண்டு போனார்கள். மாடு, கலப்பை, சேமித்த தானியம் எல்லாம் போயிற்று. பட்டினி. பிறகு ரூஸ்வெல்ட் ஆட்சியில் அரசாங்கமே தோட்டத்தை வாங்கி, வீடு கட்டிக் கொடுத்து, 1940களில் குறைந்த வட்டிக் கடனில் அந்தக் குடும்பங்களுக்கே நிலத்தை விற்றது. அந்தச் சொந்த நிலம்தான் பின்னால் கை கொடுத்தது. 1965இல் மார்ட்டின் லூதர் கிங் ஊருக்கே வந்து பேசினார். ஓட்டுரிமை கேட்டதற்காகச் சுற்று வட்டாரத்தில் குத்தகைக் குடும்பங்கள் பலவற்றை நிலக்காரர்கள் விரட்டினார்கள். சொந்த நிலம் வைத்திருந்த ஜீஸ் பெண்ட் பெண்களை அப்படி விரட்ட முடியவில்லை.

விரட்ட முடியாவிட்டால் என்ன, வழியை அடைத்தால் போச்சு! மாவட்டத் தலைநகர் கேம்டன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஓட்டுப் பதிவு, ஆஸ்பத்திரி, கடை எல்லாம் அங்கேதான். பரிசலில் (அங்கே ஃபெர்ரி) ஏறினால் கொஞ்ச நேரம். 1962இல் அந்தப் படகை நிறுத்தினார்கள். அதற்குப் பின் சாலை வழியாகச் சுமார் 40 மைல் சுற்றிப் போகணும். திரும்ப எப்போது படகு விட்டார்கள்? 2006இல்! நாற்பத்து நாலு வருஷம். தொழில்நுட்பக் கஷ்டம் ஏதாவது உண்டா? ஒன்றுமில்லை. நம்ம ஃபைனல் இயர் பையன்களே ஒரு வாரத்தில் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இதற்கிடையே 1960களின் கடைசியில் மில்லர்ஸ் ஃபெர்ரி அணை வந்து, ஊரின் நல்ல விளைநிலம் தண்ணீருக்குள் போனது. அணை கட்டத் தெரிந்த அரசாங்கத்துக்குப் படகு விடத் தெரியவில்லை என்றால் யார் நம்புவது?

அந்தச் சூழ்நிலையில்தான் 1966இல் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பு பிறந்தது. ஃபிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் முன்கை எடுத்தார். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற உள்ளூர்ப் பெண்மணி பல ஆண்டுகள் நிர்வாகத்தைத் தாங்கினார். போர்வைகள் நியூயார்க்கின் பெரிய கடைகளுக்குப் போயின. பல பெண்களுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக வாரக் கூலி, சொந்தக் காசு. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்காரர்களுக்கு எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரியில், தையல் சீராக வேண்டும். துண்டுக்குத் தகுந்தபடி கோட்டைக் கோண விடும் கைக்கு அங்கே வேலை இல்லை. சிலர் ஒத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே தங்கள் இஷ்டப்படி தைத்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஆர்டர் வந்தது. தைத்து மிஞ்சிய கார்டுராய் வெட்டுத் துண்டுகள் வீடுகளுக்குப் போய் மஞ்சளும் பச்சையும் பழுப்புமாகப் போர்வைகளாயின. தலையணை உறைகளை இன்று யாரும் தேடுவதில்லை. அந்த மிச்சத் துண்டுப் போர்வைகளை மியூசியத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள்! புரொடக்‌ஷன் படிக்கும் நண்பர்கள் இதை ஒருதரம் யோசித்துப் பார்க்கலாம். கூட்டுறவு 2012இல் மூடப்பட்டது.

2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தப் போர்வைகளின் கண்காட்சி, தொடர்ந்து நியூயார்க்கில் விட்னி. கட்டிலிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டன. பத்திரிகைகள் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டுக் கொண்டாடின. 2006இல் பத்துப் போர்வைகளைத் தபால்தலையாகவே வெளியிட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் போர்வை டிசைனைக் கம்பளத்திலும் பரிசுப் பொருளிலும் அச்சிட்டு விற்றால், அந்தப் பணத்தில் தைத்த பாட்டிக்கு எவ்வளவு? இந்தக் கேள்வியோடு 2007இல் சில பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2008இல் சமரசமாக முடிந்தது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஜட்ஜ் இல்லை. அவர்களைத் தேடி வந்தவர்கள் இல்லாவிட்டால் உலகத்துக்கு இந்த ஊரே தெரிந்திருக்காது என்பதும் நிஜம். எனக்கு முக்கியமாய்ப் படுவது, எழுபது எண்பது வயதில் ஒரு பாட்டி "இது என் டிசைன், எனக்கென்ன பங்கு?" என்று கேட்டதுதான்.

'கலை' என்று தூக்கி வைப்பதிலும் ஒரு தந்திரம் உண்டு என்பது என் கருத்து. பொழுதுபோக்கு என்றால் கூலி கேட்க முடியாது. கலை, பாரம்பரியம், ஆத்மா என்று வானளாவப் புகழ்ந்தால் கூலி கேட்பதே அநாகரிகம் மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் 'வேலை' என்று ஒரு நல்ல தமிழ் வார்த்தை இருக்கிறது. வேலைக்கு நேரம் உண்டு, திறமை உண்டு, ரேட் உண்டு. ஒரு போர்வைக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கெடுத்து, நம்ம ஊர் தச்சருக்கோ கொத்தனாருக்கோ கொடுக்கும் நாள் சம்பளத்தால் பெருக்கிப் பாருங்கள். நாம் 'சும்மா' என்ற வார்த்தையை எவ்வளவு மலிவாக உபயோகிக்கிறோம் என்று தெரியும்.

பிரச்சனை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 2024இல் ஒரு பெரிய அமெரிக்கக் கடைத்தொடர் இந்த ஊர்ப் பெண்கள் சிலரின் டிசைனில் துணிகளும் வீட்டுச் சாமான்களும் விற்றது. அவர்களுக்குக் கிடைத்தது விற்பனையில் பங்கு அல்ல, ஒரே ஒரு தொகை. அதைப் பற்றியும் பேச்சு எழுந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2021இல், சில அமைப்புகளின் உதவியோடு அந்தப் பெண்கள் எட்சி என்ற இணையச் சந்தையில் ஆளுக்கொரு சொந்தக் கடை போட்டுவிட்டார்கள். பாட்டி தைத்ததும், மகள் தைத்ததும், பேத்தி தைத்ததும் அங்கே அவரவர் பெயரில் தொங்குகின்றன. பக்கத்தில் அவர்களே போட்ட விலை.