அறிக்கை வருவதற்குள் தேர்தல் வந்துவிடுகிறது: நாடாளுமன்ற விசாரணைகள் ஏன் இழுக்கின்றன?

2011 ஏப்ரல் 13. தொகுதி மறுசீரமைப்பில் மொரப்பூர் தொகுதி மறைந்த பிறகு வந்த முதல் சட்டமன்றத் தேர்தல். அன்று மொரப்பூரில் ஓட்டுப் போட வரிசையில் நின்றவர்கள், அதற்கு முந்தைய சில வாரங்களாக மேடைக்கு மேடை கேட்ட சொல் ‘ஸ்பெக்ட்ரம்’. 1.76 லட்சம் கோடி என்ற எண் பலருக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. ஆனால் உண்மையில் நடந்தது என்ன என்று நாடாளுமன்றம் விசாரித்துச் சொல்லியிருந்ததா? இல்லை. கூட்டுக்குழு அமைத்தே அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தக் குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது 2013 டிசம்பரில். 2014 ஏப்ரல் 24 அன்று தமிழ்நாடு மறுபடியும் ஓட்டுப் போட வேண்டும். ‘கமிட்டின்னா இப்படித்தான் இழுக்கும், விடுங்க’ என்று நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தத் தாமதத்துக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. யாரை விசாரிக்க வேண்டுமோ, அவர்கள் கையிலேயே பிரேக்கும் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

2ஜி விசாரணையில் என்ன நடந்தது?

2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளியானது. எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றக் கூட்டுக்குழு கேட்டன, மன்மோகன் சிங் அரசு மறுத்தது. குளிர்காலக் கூட்டத்தொடர் முழுக்க முடங்கியது. கடைசியில் 2011 மார்ச்சில் 30 உறுப்பினர்களுடன் குழு வந்தது. தலைவர், ஆளும் காங்கிரஸின் பி.சி.சாக்கோ.

இதே விவகாரத்தைப் பொதுக் கணக்குக் குழுவும் விசாரித்தது. அதன் தலைவர் பாஜகவின் முரளி மனோகர் ஜோஷி. 2011 ஏப்ரலில் அவர் கொண்டுவந்த வரைவு அறிக்கையை, 21 உறுப்பினர்களில் 11 பேர் சேர்ந்து நிராகரித்தார்கள். தலைவர் பதவி எதிர்க்கட்சியிடம் இருந்தாலும், தலை எண்ணும்போது ஆளும் தரப்புதான் ஜெயித்தது.

கூட்டுக்குழுவுக்கோ பலமுறை காலநீட்டிப்பு. முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ.ராசா, ‘என்னை நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள்’ என்றார். அவரை அழைக்கவே இல்லை. எழுத்துப்பூர்வ விளக்கம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். 2013 செப்டம்பரில் 16-க்கு 11 என்ற கணக்கில் அறிக்கை நிறைவேறியது. எதிர்த்தவர்கள் மாற்றுக் கருத்துகளை எழுதிக் கொடுத்தார்கள். ஆக, மக்களுக்குக் கிடைத்தது ஒரு பதில் இல்லை, கட்சிக்கு ஒரு பதில்.

2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் ராசா, கனிமொழி உள்பட எல்லோரையும் விடுவித்தது. சிபிஐ மேல்முறையீட்டுக்குப் போனது. குற்றம் நடந்திருந்தால் அது நேரத்தோடு தெரிய வேண்டும். நடக்கவில்லை என்றால், குற்றம் சாட்டப்பட்டவர் பெயராவது நேரத்தோடு சுத்தமாக வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை.

இது காங்கிரஸின் பழக்கம் மட்டுமா?

இல்லை. போஃபர்ஸ் கூட்டுக்குழுவுக்குக் காங்கிரஸின் பி.சங்கரானந்த் தலைவர். வாஜ்பாய் ஆட்சியில் பங்குச்சந்தை ஊழலை விசாரித்த 2001 குழுவுக்கு பாஜகவின் பிரகாஷ் மணி திரிபாதி தலைவர். 2014-க்குப் பிறகு ரஃபேல், அதானி விவகாரங்களில் கூட்டுக்குழு கேட்டபோது மோடி அரசு குழுவே அமைக்கவில்லை. எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாக் கட்சிக்கும் கூட்டுக்குழு வேண்டும். இந்தப் பக்கம் வந்துவிட்டால் யாருக்கும் வேண்டாம்.

அதிபர் ஆட்சி நாடுகளில் வேகம் இருக்கிறதா?

அமெரிக்காவில் நாடாளுமன்றமும் அதிபரும் தனித்தனி. அதனால் அங்கே விசாரணை பறக்கும் என்று நினைப்போம். டிரம்ப்பின் முதல் ஆட்சியைப் பாருங்கள். வெள்ளை மாளிகையின் முன்னாள் சட்ட ஆலோசகர் டான் மெக்கானுக்குப் பிரதிநிதிகள் சபைக் குழு 2019 ஏப்ரலில் சம்மன் அனுப்பியது. அவர் வாய் திறந்தது 2021 ஜூனில், அதுவும் மூடிய அறையில். அதற்குள் டிரம்ப் பதவியைவிட்டே போய்விட்டார். அவருடைய வருமான வரிக் கணக்குகளை 2019-ல் கேட்ட குழுவுக்கு, உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு 2022 நவம்பரில்தான் அவை கிடைத்தன. வழக்கில் ஜெயிக்கணும்னு அவசியமில்லை, நாளைக் கடத்தினாலே போதும்.

பக்கத்திலேயே எதிர் உதாரணமும் உண்டு. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்த தமிழ்க் குழந்தைகளும் அதில் அடக்கம். மே மாதமே நாடாளுமன்றத் தெரிவுக்குழு அமைந்தது. அதிபர் சிறிசேனா கடுமையாக எதிர்த்தார். ஆனாலும் சாட்சியங்கள் ஊடகங்களுக்கு முன்னால் பதிவாகின. செப்டம்பரில் அதிபரே சாட்சியம் அளித்தார். அக்டோபரில் அறிக்கை வந்தது. நவம்பர் 16 அதிபர் தேர்தலுக்கு முன்பே! அதோடு எல்லோருக்கும் நீதி கிடைத்துவிடவில்லை. ஆனால் யார் எந்த எச்சரிக்கையைக் கோட்டைவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு ஓட்டுப் போட அங்குள்ளவர்களுக்கு வாய்ப்பு இருந்தது.

அவசரப்பட்டால் தப்பாகிவிடாதா?

நியாயமான கேள்விதான். ஆனால் தண்டனை கொடுப்பது நாடாளுமன்றக் குழுவின் வேலை இல்லை, அது நீதிமன்றத்தின் வேலை. எந்தக் கோப்பில் யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் ஆட்சேபம் எழுதினார்கள் என்று சொல்வதற்கு மூன்று வருடம் தேவையில்லை.

மூன்று மாற்றங்கள் போதும். கூட்டுக்குழுவின் தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குக் கொடுக்க வேண்டும். கேட்ட ஆவணத்தைத் தர அமைச்சகத்துக்குக் கெடு வேண்டும். தராவிட்டால் காரணத்தை அவையில் சொல்ல வேண்டும். நாட்டின் பாதுகாப்பு தொடர்பானவை தவிர, மற்ற சாட்சியங்களை நேரலையில் காட்ட வேண்டும். பொதுக் கணக்குக் குழுவின் அனுபவம் சொல்வதுபோல் முதல் மாற்றம் மட்டும் பத்தாது. எண்ணிக்கை பலம் உள்ளே எதைத் தடுத்தாலும், வெளியே இருப்பவர்கள் அதைப் பார்க்கும்படி செய்வது மற்ற இரண்டும்தான்.

அவை நடப்பதையே செல்போனில் நேரலையாகப் பார்க்கிறோம். குழு அறையின் கதவு மட்டும் இன்னும் மூடியே கிடக்கிறது. ஓட்டுக் கேட்டு மொரப்பூருக்கு வருகிறவர்களிடம், ‘ஊழலை ஒழிப்பீங்களா?’ என்று கேட்டால் எல்லோருமே தலையாட்டுவார்கள். ‘உங்க ஆட்சி மேல புகார் வந்தா, அடுத்த தேர்தலுக்குள்ள விசாரிச்சு முடிக்க விடுவீங்களா?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.